மைனஸ் பதினெட்டில் வேர்த்தவள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி உமர் பாரூக்குக்கு ஒரு சின்ன இறால் கம்பெனி இருந்தது. பழவேற்காட்டிலிருந்து வரும் இறாலைச் சுத்தம் செய்து, உறைய வைத்து அனுப்புவார்கள். பேக்கிங் கூடத்தைப் பார்த்துக்கொண்டவள் அவர் மனைவி நசீரா. வயது ஐம்பத்தொன்று. அந்தக் கூடத்தில் எல்லாப் பெண்களும் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு நடுங்குவார்கள். நசீராவுக்கு மட்டும் வேர்த்தது.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் தாண்டியிருந்தது. திடீரென்று நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டியது போலச் சூடு கிளம்பும். கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். தூக்கமும் போய்விட்டது. தூங்காத எரிச்சலில் மனிதர்கள் மேல் மட்டுமல்ல, தராசு மேலும் கோபம் வந்தது.

கடைசியில் அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். சூடு கிளம்பியதும், "ஸ்டாக் பாத்துட்டு வர்றேன்" என்று மைனஸ் பதினெட்டு டிகிரி குளிரறைக்குள் போய்விடுவாள். ஸ்வெட்டர் கூட இல்லாமல் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, உலகத்தை மன்னித்துவிட்ட முகத்தோடு வெளியே வருவாள்.

ஒரு வாரம் போனது. ஸ்டோர் பார்க்கும் சாம்சன் அவள் மேஜை முன்னால் கைகட்டி நின்றான்.

"அக்கா, நானே ஒத்துக்கிறேன். மூலையில இருக்கிற மூணு டப்பா நம்ம சரக்கு இல்ல. என் ஒய்ஃபு குல்ஃபி போட்டு விக்குது. ஊட்டு ஃபிரிட்ஜுல எடம் பத்தல. அத்தப் புடிக்கத்தானே தெனம் ஆறு தபா உள்ள வர்றீங்க?"

நசீராவுக்குக் குல்ஃபி விஷயமே தெரியாது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் மறுபடி சூடு கிளம்பியது.

"எல்லாத்தையும் இன்னிக்கே எடுத்துனு போ. ஒரே ஒரு குல்ஃபிய மட்டும் இங்க வச்சிட்டுப் போ."

பக்கத்து மேஜையில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்த முத்தம்மாள் அதைப் பார்த்தாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரி, நசீராவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். சாம்சன் போனதும் மெதுவாக வந்தாள்.

"ஒடம்பு எரியுதாம்மா?"

நசீரா குல்ஃபியைக் கன்னத்தில் வைத்தபடியே தலையாட்டினாள்.

"எனக்கு நாலு வருசம் இருந்துச்சி. ஈரத்துணியக் கழுத்துல சுத்திக்கினு நாத்து நட்டேன். பல்லக் கடிச்சிக்கினு இருந்ததுக்கு எவனும் மெடலு குத்தல. நீ டாக்டராண்ட போ."

அன்று மாலையே கணவரிடம் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை இருவரும் திருவள்ளூரில் டாக்டர் ஈஸ்வரி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் எதைக் கேட்டாலும் உமர் பாரூக் முந்திக்கொண்டார். தூக்கம் இல்லை, கோபம் அதிகம், சாப்பாடு சரியில்லை என்று அடுக்கினார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், உங்களுக்கு எப்ப பீரியட்ஸ் நின்னுச்சு?"

உமர் பாரூக் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

நசீரா தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். இந்தச் சூட்டுக்கு டாக்டர்கள் கொடுக்கும் ஹார்மோன் மருந்தைப் பற்றி அவள் நாத்தனார் ஃபிர்தௌஸ் போனில் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. "ஹார்மோன் எடுத்தா கேன்சர் வருமாம். மீசை முளைக்குமாம். ஒரு தடவை ஆரம்பிச்சா விடவே முடியாதாம்."

"மீசை முளைக்காது. வேணாம்னா நிறுத்திடலாம். கேன்சர் கேள்வி நியாயமான கேள்வி. வருஷக்கணக்கா எடுத்தா மார்பகப் புற்றுநோய் ஆபத்து கொஞ்சம் கூடும். யாருக்கு எவ்வளவுன்னு பாத்துத்தான் கொடுப்போம். வீட்ல யாருக்காவது வந்திருக்கா? உங்களுக்கு ரத்தம் உறைஞ்ச பிரச்சினை, பக்கவாதம், லிவர் கோளாறு?"

எதுவும் இல்லை. ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. ஹார்மோன் வேண்டாமென்றால் சூட்டைக் குறைக்க வேறு மாத்திரைகளும் உண்டு, ஆனால் அவ்வளவு கேட்காது என்றார் டாக்டர். "மார்புக்கு மேமோகிராம்னு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. அவசரமில்ல, யோசிச்சு நீங்க முடிவு பண்ணுங்க."

நசீரா பத்து நாள் யோசித்தாள். ஃபிர்தௌஸ் தினமும் போன் செய்து பயமுறுத்தினாள். உமர் பாரூக் கருத்துச் சொல்ல வாயெடுத்து, டாக்டரின் கேள்வி நினைவுக்கு வந்து, டீயைக் குடித்துக்கொண்டார்.

மேமோகிராமில் குறையில்லை என்று வந்த அன்று நசீரா சொன்னாள்: "எடுத்துப் பாக்கிறேங்க. பயம் இருக்கு. ஆனா இப்பிடியே பேஜாரா இருக்கிறதுக்கு அந்தப் பயம் பரவால்ல."

கையில் தடவ ஒரு ஜெல், இரவில் ஒரு மாத்திரை. முதல் இரண்டு வாரம் மார்பில் வலி. ஒரு நாள் லேசாக இரத்தமும் பட்டது. பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தாள். ஆரம்பத்தில் அப்படி வரலாம், நிற்காவிட்டால் உடனே வாருங்கள் என்றார். இரண்டும் நின்றன. ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலை நசீரா கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. உமர் பாரூக் அவள் மூக்கருகே விரலை நீட்டி மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க?"

"இவ்ளோ நேரம் நீ தூங்கி நான் பாத்ததே இல்ல. எழுப்பவும் பயமா இருந்துச்சி."

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு நசீரா முத்தம்மாளையும் அழைத்துப் போனாள். மாதவிலக்கு நின்றபின் எலும்பும் தேயும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, முத்தம்மாள் அடிக்கடி சொல்லும் முதுகுவலி நசீராவை உறுத்திக்கொண்டிருந்தது. நசீராவின் மருந்தைத் தொடரச் சொல்லிவிட்டு, டாக்டர் முத்தம்மாளுக்கு எலும்பு ஸ்கேன் எழுதினார்.

"வேற என்ன கஷ்டம்? கூச்சப்படாம சொல்லுங்க."

முத்தம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "டைம் இருக்குதா டாக்டரம்மா?"