படி அவளுக்கு, தூண் அவனுக்கு

மேல்மலையனூர் பேருந்து நிலையத்துக்கு ஒரு நடைமேம்பாலம். அதன் படிக்கட்டை வடிவமைக்கும் வேலை இர்பானாவுக்கு வந்தது. படிக்கட்டைத் தாங்கும் தூண், பக்கத்து மேஜையில் இருக்கும் தனசேகரனுக்கு. மற்ற பகுதிகள் யாருக்குப் போயின என்று இருவருக்கும் தெரியாது.

சென்னையில் இருந்தபோது ஒரு பாலத்தை ஒரு குழு முழுதாகச் செய்தது. ஒருவர் கணக்குப் போடுவார், இன்னொருவர் சரிபார்ப்பார். பிறகு சரிபார்ப்பது மென்பொருளின் வேலையானது. அதன் பிறகு பாலம் துண்டுகளானது. அலுவலகக் கூடத்தை மூடினார்கள். இருவரும் செஞ்சிக்குத் திரும்பி, சிங்கவரம் சாலையில் வேலை செய்ய ஓர் அறை எடுத்தார்கள். வேலை கணினியில் வந்தது. சரியென்றால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு.

படிக்கட்டின் மேல் வரும் பாரம் முன்பே நிரப்பப்பட்டிருந்தது: நடந்து செல்வோர். மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தார்கள்.

"அமாவாசைக்குக் கோயிலுக்கு வந்தவன் எவன் படியில நடக்கிறான்?" என்றாள் இர்பானா. "ஸ்பெஷல் பஸ் வர்ற வரைக்கும் படி பூரா மூட்டையோட குந்திக்கினு இருப்பாங்க."

"நீ எப்ப போய்ப் பார்த்த?" என்றான் தனசேகரன்.

"செஞ்சிக்காரிக்கு அமாவாசை கூட்டம் தெரியாதா? இன்னா பேச்சு பேசுற."

கேள்வியாக எழுதி அனுப்பினாள். 'உங்கள் பகுதிக்கு உட்பட்டதல்ல' என்று பதில் வந்தது. கீழே பெயர் இல்லை.

பாரத்தைத் தொடாமல் படியின் கனத்தையும் கம்பியையும் கூட்டினாள். பச்சை. அனுப்பிவிட்டாள்.

மறுநாள் தனசேகரன் அவள் திரையை எட்டிப் பார்த்தான்.

"இன்னா, படி இவ்ளோ தடியா இருக்குது?"

"கூட்டத்தைத் தாங்க வேணாமா?"

"உன் படி தாங்கும். என் தூணு? எனக்குப் பழைய எடைதான் வந்திருக்குது. கூட்டத்தோட உன் தடிப் படியையும் அதுதானே சுமக்கணும்?"

இர்பானா, அனுப்பியதைத் திரும்பப் பெற வழி தேடினாள். இல்லை.

"தூண் தாங்காதுன்னு நீயே சிவப்பு போடு," என்றாள். "யாராவது வந்து பார்ப்பாங்க இல்ல?"

"பார்க்க மாட்டாங்க. வேலையைப் புடுங்கி வேற ஆளுக்குக் குடுப்பாங்க."

"மாசா மாசம் உங்கம்மா அங்க போறாங்க, சேகர்."

அவன் சிவப்பு போட்டான். காரணத்தையும் எழுதினான்.

மாலைக்குள் தூண் அவனிடம் இல்லை. அடுத்த நாள் காலை இர்பானாவின் படத்தில், படிக்கட்டுக்குக் கீழே அது பச்சையாக நின்றது. அளவு மாறவில்லை.

"யாரு முடிச்சது?" என்றாள் இர்பானா.

"யாருக்குத் தெரியும்."

முழுப் பாலத்துக்கும் பொறுப்பு யார் என்று கேட்டு எழுதினாள். அதற்கும் அதே பதில்.

மதியம் தனசேகரனின் அம்மா மீனம்பாள் போன் செய்தாள். அறை சிறியது. அவள் குரல் இர்பானாவுக்கும் கேட்டது.

"சாப்டியா? உன் பாலத்து வேலை முடிஞ்சுதாடா?"

"அதுல நீ ஏறாதம்மா. கட்டுனாலும் கீழ ரோட்டுலயே போ."

"நல்லா சொன்ன போ. ரோட்டுல ஆளு மேல பஸ்ஸு ஏறிடுதுன்னுதானே பாலமே கட்றாங்க?"