டேங்குக்குள் போன மூச்சு

படகின் டீசல் டேங்குக்குள் சகிந்திக் ஊதிய மூச்சு, சோதனை முடிந்த பிறகும் அவரிடம் திரும்பி வரவில்லை. பால்காஷ் ஏரிக்கரையில் கூட்டுறவுப் படகுகளின் டேங்குகளை முப்பது வருஷமாக அவர்தான் சோதித்துவந்தார். காற்றடிக்கும் மெஷின் எப்போதோ மண்டையைப் போட்டிருந்ததால், ரப்பர் குழாயை வாயில் வைத்து ஊதுவார்; மனைவி குல்பாஷ் வெல்டிங் வைத்த ஓரங்களில் சோப்பு நுரை பூசுவாள். குமிழி வந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுவார். ஒழுகும் டேங்கை அவர் ஒருமுறைகூடத் தேறவிட்டதில்லை. அந்த வசந்தத்தில் வந்த புது டேங்கில் பெயருக்கும் ஒரு குமிழி இல்லை. டேங்கின் வாயைத் திருகி மூடினார்கள், மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது.

அவர் சாகவில்லை. உண்டார், உறங்கினார், வலை தைத்தார். பேச்சு மட்டும் போயிற்று. பேச மூச்சு வேண்டுமே. பனிக்காலத்தில் ஊரார் வாயிலெல்லாம் புகை வந்தது, அவர் வாயில் வரவில்லை. தேநீரை ஊத முடியாதவருக்குக் குல்பாஷ்தான் கிண்ணம் கிண்ணமாக ஊதி ஆற்றிக் கொடுத்தாள். அந்த டேங்கோ, ஒரு சொட்டு டீசல் ஊற்றும் முன்பே நிறைந்ததாக முள் காட்டியது. படகும் அந்த மூச்சிலேயே ஓடியது. கூட்டுறவுத் தலைவர் முகானிடம் அவள் போய் நிற்காத மாதமில்லை.

"மூடியைத் தொறந்து விடுங்கண்ணே. ஒரு நிமிஷம் போதும்."

"தொறந்தா டீசலுக்கு நீயா பொறுப்பு? ஒம் புருஷன் செத்தா போயிட்டான்? நேத்துக்கூட ரெண்டு கிண்ணம் மீன் சூப்பு குடிச்சானேம்மா!"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்நெஞ்சுக்காரர்கள்.

ஏழாம் வருஷம், ஊரே குதிரைப் பந்தயத்துக்குப் போயிருந்த ஒரு பகலில், அவள் டேங்கின் ஓரத்தில் குத்தூசியை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு போட்டாள். மறுநாள் படகு திணறி நின்றது. முகான் சோதிக்கச் சொன்னது சகிந்திக்கைத்தான். குல்பாஷ் நுரை பூசினாள். ஆப்பிள் அளவு குமிழி ஒன்று எழுந்து, குனிந்திருந்தவர் உதட்டில் பட்டு உடைந்தது. அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் குனிந்திருந்தால் மிச்சமும் வந்து சேர்ந்திருக்கும்.

"அப்படியே இருங்க, அசையாதீங்க," என்று காதோடு கெஞ்சினாள்.

அவர் நிமிர்ந்தார். ஏழு வருஷத்தில் கிடைத்த அந்த ஒரே மூச்சைச் செலவழித்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "இங்க ஒழுகுது" என்றார். பிறகு சாக்கட்டியால் பிசகில்லாமல் வட்டம் போட்டார். பொழுது சாய்வதற்குள் வெல்டர் அடைத்துவிட்டான்.

அடுத்த நாள் படகு நிறைய மீனோடு கரை திரும்பியது. குல்பாஷ் அன்றோடு தேநீர் ஊதுவதை விட்டாள். சகிந்திக் அது ஆறும்வரை காத்திருந்து குடிக்கப் பழகிக்கொண்டார்.