கொழும்புக்குப் போன கல்

வவுணதீவில் வாய்க்கால் வெட்டும்போது கந்தப்போடியின் வயலில் ஆளுயரக் கல்லொன்று அகப்பட்டது. ஒரு பக்கம் முழுக்கப் பழைய தமிழ் எழுத்து. ஊரார் அதைக் கழுவி நிறுத்தி விளக்கு வைத்தார்கள். சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடமும் ஆகாத காலம். பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் கொழும்பு நூதனசாலை ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து கல்லைக் கேட்டபோது, வயற்சொந்தக்காரரான போடியாரின் மனைவி சீதேவிப்பிள்ளை மட்டும் மறித்தாள்.

"விளக்கு வெச்ச கல்லக் குடுக்கிறதா?"

"அங்க வெச்சாத்தான் நாடே பாக்கும். நாமளும் இந்த நாட்டுச் சனமெண்டு தெரியட்டும்."

போடியார் அதை மனதார நம்பினார். மாலை போட்டுத்தான் லொறியில் ஏற்றினார்.

சில வருடம் கழித்து இருவரும் ரயிலேறிக் கொழும்புக்குப் போனார்கள். மண்டபம் மண்டபமாகத் தேடினார்கள். சிங்கள அரசர்களின் வாள்கள், முடிகள், பல்லக்கு எல்லாம் இருந்தன. கல்லைக் காணோம். இராசதுரை என்ற அலுவலர் இரக்கப்பட்டுப் பின்புறக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். உடைந்த தூண்களுக்கு நடுவே, எழுத்துப் பக்கம் நிலத்தில் பட, கல் குப்புறக் கிடந்தது.

"ஏன் தம்பி இப்படி?"

"மண்டபத்தில சொல்லுற சரித்திரத்துக்குள்ள இது அடங்கல்லையாம் ஐயா. மேலிடத்து முடிவு."

"அப்ப திருப்பித் தாங்க. கொண்டு போறம்."

"ஏலாது. இப்ப இது நாட்டுச் சொத்து."

"நாட்டுச் சொத்தெண்டா ஏன் நாட்டுக்குக் காட்டல்ல?"

சீதேவிப்பிள்ளை குந்தியிருந்து முந்தானையால் கல்லின் முதுகைத் துடைத்தாள். புரட்டிப் பார்க்க அவர்களுக்குப் பலமில்லை.

ஊரில் எல்லோரும் கேட்டார்கள். வெட்கத்தில் போடியார், "நடு மண்டபத்தில வெச்சிரிக்காங்க" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் அழகரத்தினம் மாஸ்டர் பள்ளிப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். திரும்பியதும் நேரே போடியார் வீட்டுக்கு வந்தார்.

"முழுக்கச் சுத்திப் பாத்தம். கல்லு அங்க இல்ல."

போடியார் அப்போதுதான் கொட்டகைக் கதையைச் சொன்னார். மாஸ்டர் நம்பவில்லை.

"முதல் வேற கதைதானே சொன்னீங்க? பெறுமதி இருந்தா வெச்சிருப்பாங்கதானே. எழுத்தெண்டு நாம நினைச்சது வெறும் கீறலா இரிக்கும். நம்மட பக்கம் அந்தக் காலத்தில காடாம்."

பள்ளியிலும் அவர் அப்படியே படிப்பித்தார். மெல்ல மெல்ல ஊரும் அதையே சொல்லத் தொடங்கியது.

ஒருநாள் சோறு போடும்போது சீதேவிப்பிள்ளை கேட்டாள்: "இஞ்ச பாருங்க, எழுத்து இருந்ததுதானே?"

"ஓம்."

"என்ன எழுத்து?"

போடியார் கண்ணை மூடி யோசித்தார். ஓர் எழுத்துக்கூட நினைவில் வரவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பிக் கை கழுவினார்.