ஒரு துரும்பையும் நகர்த்தாதீர்கள்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பல்லெல்லாம் கொட்டிப்போகட்டும். பல் டாக்டர் ஏற்கெனவே முந்திக்கொண்டுவிட்டார், ஆகவே இந்தச் சத்தியம் செல்லாது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காக என் தலையில் கைவைத்தும் சத்தியம் செய்கிறேன். கதைபோலத் தோன்றும் இடங்களில் உண்மையைக் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மீசை கிடையாது. நஷ்டத்தை மதிப்பிடும் வேலை. யார் வீட்டிலாவது தீப்பிடித்தால், கூரை இடிந்தால், நேரில் போய்ப் பார்த்து, இவ்வளவு சேதம், இவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வரும்வரை நான் பயிற்சி ஆள்.

"பயிற்சி ஆள் போய்ப் பாக்கலாம்," என்றார் மேனேஜர். "ஆனா நீ பாத்தா அது பாத்ததா ஆகாது."

"அப்ப எதுக்கு சார் போகணும்?"

"யாருமே வரலைன்னு அவங்க சொல்லக் கூடாதுல்ல."

மேனேஜர் எதையும் நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டார். மேசைக் கண்ணாடியில் தெரியும் தன் முகத்தோடுதான் பேசுவார். அந்த முகத்திடம்தான் என் தலையெழுத்தையும் சொன்னார். புயலில் ஒரு தையற்காரர் வீட்டுக்குள் மரம் விழுந்திருக்கிறது. அந்த ஒரு க்ளெய்மை நான் பார்த்து முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் அண்ணன் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

அண்ணன் வீட்டிலேயே இருப்பதென்பது அவ்வளவு சுலபமில்லை. அண்ணி வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குச் சோறு போடும்போது மட்டும் கரண்டி பேசும்.

தையற்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "தலையக் குனிஞ்சு வாங்க தம்பி," என்று உள்ளிருந்து குரல் வந்தது. குனிந்து போனேன். மரம் விழுந்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. எங்கேயோ நின்ற மரத்தைக் காற்று வேரோடு பிடுங்கி, தூக்கி வந்து, கூரை வழியாக நேராக இறக்கிவிட்டுப் போயிருந்தது. வேரில் இருந்த மண்கூட உதிரவில்லை.

"அளவெடுத்து வெச்ச மாதிரி எறங்கியிருக்கு தம்பி," என்றார் தையற்காரர். அவர் கழுத்தில் அளவுநாடா தொங்கியது. "மிஷினுக்கும் வெட்டு மேசைக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிற எடந்தான். அதுல வந்து நின்னுருச்சு. நான் அளவெடுத்திருந்தா அரை அங்குலம் தப்பியிருக்கும்."

"எப்ப எடுக்கலாம்?" என்று கேட்டார் அவர் மனைவி.

எனக்குக் கற்றுக்கொடுத்திருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். "லைசென்ஸ் உள்ளவர் வந்து பாக்குற வரைக்கும் ஒரு துரும்பையும் நகர்த்தாதீங்க. நகர்த்துனா பணம் கெடைக்காது."

"யாரு அந்த லைசென்ஸ் உள்ளவரு?"

"நான்தாம்மா."

"லைசென்ஸ் எங்க?"

"பரீட்சை எழுதணும்."

அந்த அம்மா கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிக்கவாவது ஆரம்பிச்சிட்டீங்களா தம்பி?"

தையற்காரர் சொன்ன சொல்லை நூல் பிசகாமல் கடைப்பிடிக்கிற ஆள். அது அவர் தொழிலுக்கு நல்லது, எனக்குத்தான் வினையாகிவிட்டது. கீழே விழுந்த கத்தரிக்கோல் விழுந்த இடத்திலேயே கிடந்தது. பக்கத்து வீட்டில் இரவல் கத்தரிக்கோல் வாங்கித் தொழில் நடத்தினார். பேங்க் காவலாளி ஒருவருடைய பேண்ட்டில் ஒரு கால் வேருக்கு அடியில் சிக்கியிருந்தது. காவலாளி வாராவாரம் வருவார், வெளியே நீட்டிக்கொண்டிருந்த மற்றக் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "துணி நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போவார்.

நான் பரீட்சை எழுதினேன். முதல் கேள்வி இப்படி: மேல்வீட்டில் தீப்பிடித்தது, அணைக்க ஊற்றிய தண்ணீரில் கீழ்வீட்டுக் கட்டில் நனைந்தது, கட்டிலை வெயிலில் போட வெளியே தூக்கியவர்கள் எதிர்வீட்டு ஜன்னலை உடைத்தார்கள், நஷ்டம் யாருக்கு? பரீட்சைக்குக் கட்டணம் கட்டியவனுக்கு என்று எழுதக் கை துடித்தது. அடக்கிக்கொண்டு வேறு என்னவோ எழுதித் தோற்றேன். இரண்டாம் தடவை கேள்வித்தாளே வந்து சேரவில்லை. வராத தாளுக்கு யாரும் பதில் எழுதவில்லை என்று எல்லோரையும் தோற்கடித்தார்கள். மூன்றாம் தடவை அதே முதல் கேள்வி வந்தது. அதே பதிலை எழுதினேன். தேறிவிட்டேன். இதைப் பற்றி நான் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. கேட்டால் திருத்திவிடுவார்கள்.

ஒருவழியாக லைசென்ஸ் வந்தது. பிரித்துப் பார்த்தால் பெயர் என்னுடையது, முகம் வேறு யாருடையதோ. கட்டை மீசையும் கண்ணாடியுமாக ஒருவர், நான்தான் அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டதுபோல முறைத்துக்கொண்டிருந்தார்.

லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஓடினேன். குமாஸ்தா காதில் பென்சில் செருகியிருந்தார்.

"இது நான் இல்லைங்க."

"பேரு உங்களுதுதானே?"

"பேரு என்னுது. மூஞ்சி யாருதோ."

"அப்ப போட்டோவுல இருக்கிறவர நேர்ல வரச் சொல்லுங்க."

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

"லைசென்ஸ் அவருதுங்க. அவரு வந்து சொன்னாத்தான மாத்த முடியும்?" குமாஸ்தா காதிலிருந்து பென்சிலை எடுத்து, படத்துக்கும் எனக்கும் நடுவே பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பார்த்தார். "புதுசா வேணும்னா திரும்பப் பரீட்சையிலேர்ந்து வரணும். இதுக்கு எதுக்கு அலையிறீங்க? மீசைதான வித்தியாசம். வளத்துட்டு வாங்க. கண்ணாடி கடையில கெடைக்கும்."

"அதுக்கு என் மூஞ்சியவா மாத்தணும்?"

"மூஞ்சிய மாத்துறது உங்க கையில இருக்கு. ரெக்கார்ட மாத்துறது யாரு கையிலயும் இல்லீங்களே."

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்போது பல் இருந்தது.

மீசை வளர்ப்பது மற்றவர்களுக்குச் சும்மா இருக்கும்போது நடக்கிற காரியம். எனக்கு அதுதான் முழுநேர வேலை. மேனேஜர் கண்ணாடியைப் பார்த்தபடி, "இன்னும் அந்தக் கேஸ் முடியலையா?" என்பார். "மீசை வரல சார்," என்பேன். "மொளைக்க வைய்யா சீக்கிரம்," என்பார். வீட்டில் கரண்டியின் பேச்சு வரவரத் தடித்துக்கொண்டே போனது.

தையற்காரர் வீட்டுக்கு மட்டும் அடிக்கடி போய்வந்தேன். மரத்தை யாராவது தொட்டுவிட்டால் க்ளெய்ம் போய்விடும், என் வேலையும் கூடவே போய்விடும் என்கிற பயம். மரம் அதற்குள் துளிர் விட்டிருந்தது. தரைச் சிமெண்டை நெம்பிக்கொண்டு வேர் உள்ளே இறங்கிவிட்டது. மழை பெய்தால் கூரை ஓட்டையை இலைகளே அடைத்துக்கொண்டன. கிளையில் ஜாக்கெட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குத் தடையில்லை, தொங்கவிடுவது நகர்த்துவதாகாது என்று நானே விதியைப் புரட்டிப் பார்த்துச் சொல்லியிருந்தேன்.

அந்த வீட்டில் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் தையற்காரரின் மகள். நான் போகும்போதெல்லாம் வாயில் நூலைக் கடித்தபடி என் மேலுதட்டைக் கூர்ந்து பார்ப்பாள்.

"ஒரு பக்கந்தான் மொளைக்குது," என்றாள் ஒருநாள். "இந்தப் பக்கத்துக்கு இன்னும் லைசென்ஸ் வரலையா?"

"கேலி பண்ணாதீங்க. எரிச்சல்ல இருக்கேன்."

"எரிச்சல்ல வளராது. உக்காருங்க."

லைசென்ஸை மரத்தில் சாய்த்து வைத்து, படத்தில் இருந்த மீசையை அளவுநாடாவால் அளந்து, இரவல் கத்தரிக்கோலால் என் மீசையை வெட்டினாள். வாரம் ஒருமுறை வெட்ட வேண்டியிருந்தது. பிறகு வாரம் இருமுறை. இவ்வளவு சின்ன மீசைக்கு இத்தனை வெட்டா என்று தையற்காரர் கேட்கவில்லை. அவர் தொழில் தெரிந்தவர். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடித்தோம். அண்ணி அன்றுதான் முதல்முதலாக என்னிடம் வாய் திறந்து பேசினார். "துணியெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

அந்த வாரமே மீசை படத்தோடு பொருந்திவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குமாஸ்தா முன்னால் போய் நின்றேன். "பாத்தீங்களா, இப்ப சரியா இருக்கு," என்று முத்திரை குத்தினார்.

முதல் கேஸ் என்பதால் மேனேஜரும் கூட வருவதாகச் சொன்னார். சொந்தக்காரர்களின் நஷ்டத்தைச் சொந்தக்காரர் மதிப்பிடக் கூடாது. அது லைசென்ஸின் முதல் விதி. மாமனாரையும் மாமியாரையும் முந்தின நாளே உட்காரவைத்துக் கெஞ்சினேன்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் நான் உங்களுக்கு யாரோ. சார்னு கூப்பிடுங்க. நான் உள்ள வந்தா எந்திரிக்காதீங்க. விசாரிக்காதீங்க."

"அது எப்படி முடியும் மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"அந்த வார்த்தையத்தான் சொல்லக் கூடாதுங்கிறேன்."

"சொல்லல. சரியா மாப்பிள்ளை?"

மறுநாள் மேனேஜர் முன்னே, நான் பின்னே போனோம். மாமனார் மிஷினில் உட்கார்ந்திருந்தார். என் தலையைக் கண்டதும் எழுந்துவிட்டார். நினைவு வந்து உட்கார்ந்தார். நான் ஓர் அடி வைத்தேன், எழுந்தார். நின்றேன், உட்கார்ந்தார். மிதிகட்டையில் இருந்த காலும் கூடவே எழுந்து உட்கார்ந்ததில் மிஷின் தானாக ஓடி, மேசையில் இருந்த சட்டையின் கழுத்தைத் தைத்து மூடிவிட்டது.

"இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் மேனேஜர்.

"நல்லா இருக்காருங்க," என்றார் மாமியார். "உக்காருங்க சார். நீங்களும் உக்காருங்க... சார்." அந்தச் சாருக்கு முன்னால் அவர் விழுங்கியது எனக்கு மட்டும் கேட்டது. நான் நாடாவை எடுத்து ஓட்டையை அளந்தேன், சுவரை அளந்தேன், எழுத ஆரம்பித்தேன். இன்னும் கையெழுத்துதான் பாக்கி. அப்போது மாமியார் அடுக்களைப் பக்கம் திரும்பி, தெளிவாக, மரியாதையாகச் சொன்னார்: "ஏம்மா, சாருக்கு ஒரு டீ. சார் மாப்பிள்ளைக்கு சக்கரை கம்மியா ஒரு டீ."

மேனேஜர் முதல்தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாருக்கு மாப்பிள்ளை?"

என் மனைவி இரண்டு டீயோடு வந்து, எனக்கு உரியதைக் கேட்காமலே சரியாக என் கையில் கொடுத்தாள். அதுவே பதிலாகப் போயிற்று.

"எத்தன நாளாய்யா இது?"

"லைசென்ஸ் நேரத்துக்கு வந்திருந்தா இது நடந்திருக்காது சார்."

"அப்படின்னா?" என்றாள் என் மனைவி.

அந்த வீட்டில் அன்று எனக்கு இரண்டு க்ளெய்ம் ஆகிவிட்டது. மேனேஜர் நான் எழுதியதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். "வேற ஆள அனுப்புறேன். அதுவரைக்கும் ஒரு துரும்பையும் நகர்த்தாதீங்க," என்றார் மாமனாரிடம். மாமனார் தலையாட்டினார். அவருக்கு அது பழகிவிட்டது.

வேறு கிளையிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருடைய லைசென்ஸில் அவருடைய முகமே இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது. மரத்தைத் தட்டிப் பார்த்தார். வேரைக் குனிந்து பார்த்தார். நிழலில் ஐந்து நிமிடம் சும்மா நின்றார்.

"வேர் எங்க இருக்கு?" என்றார்.

"வீட்டுக்குள்ள," என்றார் மாமனார்.

"அப்ப இது வீட்டு மரம். வெளியிலேர்ந்து வந்து இடிச்சாத்தான் பாலிசியில பணம். வீட்டு மரம் வீட்டுக் கூரைய இடிச்சா, அது உங்க குடும்ப விஷயம்."

"வந்தப்ப வெளியிலேர்ந்துதாங்க வந்துச்சு," என்றேன் நான்.

"வந்தப்ப யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"உங்களுக்கு அப்ப லைசென்ஸ் இருந்துச்சா?"

இல்லை என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். க்ளெய்ம் தள்ளுபடி. நான் முடிக்க வேண்டிய கேஸை வேறொருவர் முடித்ததால் எனக்கு வேலையும் தள்ளுபடி. மாமனார் மட்டும் கத்தரிக்கோலை இனி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுக்கலாம் என்றார் அந்த அம்மா. கத்தரிக்கோலின் விரல் நுழைக்கும் காதுகளுக்குள் ஒரு வேர் புகுந்து பருத்திருந்தது, எடுக்க முடியவில்லை.

அன்று உட்கார்ந்தவன்தான். இன்றுவரை அந்த மரத்தடியில் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேலே அண்ணாந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவே வானம் தெரியும், கீழே வேர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் குறைத்துச் சொன்ன உண்மையில் ஒன்று மட்டும் பாக்கி: அந்த வீடு ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி.