ரோஸில் மறையும் மஞ்சள்

1

இந்தக் கதை பக்கத்து மேசையிலிருந்து திருடியது. யாகோவின் மலைவிடுதியில் நான் பார்லி சூப் குடித்துக்கொண்டிருந்தேன். அவனும் அவன் அக்கா மர்கித்தும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சூப் ஆறிப்போனது. நஷ்டமில்லை.

2

முதல் தொடக்கம்: மாலை வெயில் பட்டதும் வெளிறிய மலைச்சுவர் ரோஜா நிறத்தில்…

(வேண்டாம். அஞ்சலட்டை விற்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

இரண்டாவது: மர்கித் பறவைகளைப் படமெடுப்பவள். செங்குத்துப் பாறையில் தொற்றி ஏறும் செஞ்சிறகுக் குருவிக்காக, நண்பகலில்…

இது தேவலை. குருவி வழக்கமாகக் கூடு கட்டும் வெடிப்பைக் கேமராவில் தேடினாள். வெடிப்பையே காணோம். அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு திட்டு.

(எங்கள் டோலமைட் மலைகள் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தவை, பாறைக்குள் இன்னும் சிப்பிகள் உண்டு. மழையில் ஊறிய பழைய பாறை சாம்பல் நிறம். மஞ்சள் என்றால் அண்மையில் உடைந்தது. அதைச் சுற்றியிருப்பதும் உடையலாம்.)

திட்டுக்கு நேர் கீழே யாகோவின் வெளி மேசைகள்.

3

"டேய், வெளி மேசையெல்லாம் தூக்கி உள்ள போடு."

"சீசனே இப்பத்தான்க்கா ஆரம்பிச்சிருக்கு. உள்ள உக்காந்து என் மூஞ்சியையா பாப்பாங்க? சுவரைப் பாக்கத்தானே ஏறி வர்றாங்க."

"அது எறங்கி வந்து அவங்களப் பாத்துரும்டா."

"வாசல்ல மாட்ட ஒரு படம் கேட்டேன்ல, அதைச் சாயங்காலம் எடு. எல்லாம் ரோஸாத் தெரியும். மஞ்சள் எவன் கண்ணுலயும் படாது."

"அதுக்கு என் கண்ணை நோண்டிப் போடு."

"நோண்டிட்டா படம் யாரு எடுப்பா?"

அவள் சிரித்துவிட்டாள். சிக்கலே அதுதான்.

4

யாகோவை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை, நான் கேட்காமலே சூப்பைச் சுடவைத்துத் தந்தவன். பிறகு என் முதல் தொடக்கத்தைத் திரும்பப் படித்தேன். நானும் மாலையைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். அதில் மஞ்சள் இல்லை. எனக்கும் அது இல்லாமல் இருந்தால்தான் பிடித்திருந்ததோ என்று…

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பிடிக்கவில்லை.)

5

முடிவு ஒன்று: மேசைகள் உள்ளே போகின்றன.

முடிவு இரண்டு: கோடை முழுக்க ஒரு கூழாங்கல்கூட விழவில்லை. யாகோ அக்காவைக் கேலி செய்தே…

முடிவு மூன்று: எழுத மாட்டேன்.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். மர்கித் நண்பகல் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வாசலில் ஒட்டினாள். யாகோ அதைக் கிழிக்கவில்லை. மேசைகளையும் எடுக்கவில்லை.

நீங்கள் இப்போது மேலே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். பசி. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. படத்தைப் பார்த்தாயிற்று. யாகோ துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிறான்.

"வாங்க வாங்க. வெளிய உக்கார்றீங்களா, உள்ளயா?"