மூன்றாவது ங்கா

என் மகள் எட்டு வாரம் முந்திக்கொண்டு பிறந்தவள். "அவ சத்தம் போட்டா பதில் சொல்லுங்க. அப்புறம் அவளைப் பேச விட்டுக் காத்திருங்க. அதுலதான் வளர்ச்சி இருக்கு" என்றார் நர்ஸ். நான் லிஃப்ட் மெக்கானிக். பொத்தானை அழுத்தினால் கதவு திறந்தாக வேண்டும் என்கிற ஜாதி. ஒரு 'ங்கா'வைக்கூடப் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

இன்று வளர்ச்சிப் பரிசோதனை. டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

மனைவியின் மடியிலிருந்து டாக்டரைப் பார்த்து "ங்கா" என்றாள் மகள். அவர் நிமிரவில்லை. காத்திருந்தாள். "ங்கா!" என்று மேசையைத் தட்டினாள். எனக்கு நாக்கு துடித்தது. குறுக்கே பேசாதே என்பதுபோல மனைவி என் காலை மிதித்தாள்.

மூன்றாவது 'ங்கா'வில் கூரையே அதிர்ந்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, பணிவாக, "ங்கா" என்றார்.

மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பாப்பா முதல் தடவையே பாஸ்" என்றார் டாக்டர். "நான்தான் மூணாவது தடவைல பாஸானேன்."