நாலாவது படம்

பிளாஸ்டிக் பாட்டில் வெயிலில் சூடேறும்போது 'டப்' என்று ஒரு சத்தம் போடும். இரண்டு வருஷமாக அந்தச் சத்தம் எனக்கு ஆபீசுக்குள்ளேயே கேட்கிறது. மேலே கான்கிரீட் கூரை, அதில் ஒரு பாட்டிலும் கிடையாது. ஆனாலும் கேட்கிறது, என்ன செய்ய?

கிராமங்களுக்கு அதிகச் செலவில்லாமல் நல்ல தண்ணீர் கிடைக்கச் செய்யும் திட்டம் என் பொறுப்பு. நிறமில்லாத பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பு, தகரக் கூரையில் படுக்க வை, ஆறு மணி நேரம் வெயில் பட்டதும் எடுத்துக் குடி. கிருமி செத்துவிடும். மோட்டார் வேண்டாம், விறகும் வேண்டாம். இதை மூன்று படமாக வரைந்து வீட்டுக்கு வீடு சுவரில் ஒட்டினோம். நாலாவதாக ஒரு படமும் இருந்தது: மேகம் மூடியிருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். தாளில் இடம் பற்றவில்லை என்றார் மேலதிகாரி. அதை வாயாலேயே சொல்லிவிடுகிறேன் என்று பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டியவள் நான்தான்.

பன்னிரண்டு ஊர்களில் தொண்டை வறளச் சொன்னேன். பதின்மூன்றாவது, என் அக்கா வாக்கப்பட்ட ஊர். படத்தை ஒட்டினேன். அக்காவோடு வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளுடைய நாலு வயது மகளைத் தூக்கிக் கொஞ்சினேன். பஸ் வந்துவிட்டதென்று ஓடினேன். அக்கா வீடுதானே, அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் புத்தி அன்றைக்கு எங்கே புல் மேயப் போயிருந்ததோ!

அடுத்த தடவை போனது அந்தக் குழந்தையின் சாவுக்கு. அந்த வாரம் முழுக்க வெயிலே இல்லை, மேக மூடாக்கு. வயிற்றுப்போக்கு, இரண்டே நாளில் முடிந்துவிட்டது. எத்தனை மணி நேரம் வைத்தாய் என்று மாமா, அக்காவின் புருஷன், அவளைக் கேட்டார். ஆறு மணி நேரம் என்றாள். படித்தவர்கள் போட்ட படம் தப்பாகாது, நீதான் சோம்பல்பட்டு முன்னாடியே இறக்கிவிட்டுப் பொய் சொல்கிறாய் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன், கல்லுப்பிள்ளையார் மாதிரி.

போன வாரம் அதே மூன்று படம் என் மேசைக்கு வந்தது. திட்டம் இன்னும் எண்பது ஊர்களுக்குப் போகிறதாம், கையெழுத்து வேண்டுமாம். பேனாவை எடுத்தேன். தலைக்கு மேலே டப், டப். அந்தப் பேனாவாலேயே நாலாவது படத்தை ஓரத்தில் வரைந்தேன். இடமில்லையென்றால் தாளின் அடியில் போட்டிருக்கும் உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கீழே எழுதி, மேலதிகாரி மேசையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அக்காவிடம் சொல்லாமல் இனிமேல் என்னால் சோறு தின்ன முடியாது.

அக்கா வீட்டுக் கூரையில் மூன்று பாட்டில்கள் கிடந்தன. வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். சின்னப் பாட்டில் யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். அதைத் தினமும் எட்டு மணி நேரம் வைக்கிறாளாம், சாயங்காலம் செடிக்கு ஊற்றிவிடுகிறாளாம். அன்றைக்கு ஆறு மணி நேரம் என்றுதான் நினைத்தாளாம், எங்கேயோ கணக்குத் தப்பியிருக்கும் என்றாள்.

"உனக்குக் கணக்கு தப்பலக்கா. மூடாக்குன்னா ரெண்டு நாள் வைக்கணும். எல்லா ஊர்லயும் சொன்னேன். உன்கிட்ட மட்டும் சொல்லல."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அடிப்பாள் என்று பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

"ரெண்டு வருஷமா அவர் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல. என்கிட்ட ஏன்டி சொல்ற? உள்ள போய் அவர்கிட்டச் சொல்லு."

போய்ச் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். மாமா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வெளியே வந்து அக்கா எதிரில் நின்றார்.

"கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

அக்கா மடித்து முடித்திருந்த துணியை உதறி, மறுபடியும் மடித்தாள். அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றாள்.

மாமா தன் செருப்பைத் தேடினார். நானும்தான்.